சோப்புப் பெட்டிக்குள் ஆறு வோல்ட்

என் மேசை மேல் ஒரு பழைய சோப்புப் பெட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் ரோஸ் நிறமாக இருந்த பிளாஸ்டிக் இப்போது பழுப்பேறிக் கிடக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர்கள் உள்ளே போகின்றன. மறுபக்கத்திலிருந்து அதேபோல் இரண்டு வெளியே வருகின்றன. மூடியைத் திறந்தால், இட்லிச் சட்டி மூடியிலிருந்து வெட்டிய அலுமினியத் தகடு, அதன்மேல் திருகாணி வைத்து இறுக்கிய, இரும்புத் தொப்பி போட்டது போன்ற ஒரு டிரான்சிஸ்டர், பக்கத்தில் அரிசி அளவில் ஒரு ஜீனர் டயோடு, ஒரு ரெசிஸ்டர், ஒரு கண்டென்சர். அவ்வளவுதான். போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது என் மருமகன் இதைக் குப்பையோடு சேர்த்து வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார். "ஏதோ பழைய சார்ஜர் அத்தை, இது இனி எதுக்கு ஆகும்?" என்றார். அவர் கையிலிருந்து வாங்கித் திரும்பவும் மேசை மேலேயே வைத்தேன். சார்ஜர் இல்லை, ரெகுலேட்டர் என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இதைச் செய்தவர் என் மதினி, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். எங்கள் ஊர் கீழக்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வாலிநோக்கத்து உப்புக்காற்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து அரித்துவிட்டுப் போகும். மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடுகிற வீடு எங்களுடையது. ஊரில் முதலில் டிராக்டர் வாங்கியவர் என்ற மிதப்பு என் அய்யாவுக்குக் கடைசிவரை உண்டு. மதினி, பரமக்குடியில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவரின் மகள். பெண் பார்க்கப் போனபோது நன்றாகச் சமைக்கும், கோலம் போடும் என்றார்களே தவிர, கடையில் வருகிற ரேடியோக்களில் பாதியைப் பிரித்துப் பூட்டுவது இந்தப் பெண்தான் என்று யாரும் வாய் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்து சீர்ப் பாத்திரங்களை இறக்கியபோது, பித்தளைக் குடம் ஒன்றுக்குள்ளிருந்து மரக் கைப்பிடி போட்ட ஒரு கம்பி வந்தது. நுனியில் கட்டையாகச் செம்பு. அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னத்தா, மாட்டுக்குச் சூடு போடுற கம்பியா?" என்று கேட்டார். "ஈயம் பத்த வைக்கிறது அத்தை. அடுப்புல காய வச்சுக்கிரலாம்" என்றார் மதினி. அம்மா அதைப் பரணில் போட்டுவிட்டு அன்றைக்கே மறந்தார். மதினி மறக்கவில்லை.

கல்யாணமான சூடு ஆறுவதற்குள் அண்ணன் கீழக்கரைக் கூட்டாளி ஒருவர் மூலம் விசா கிடைத்து வளைகுடாவுக்குப் போனான். எண்பதுகளின் தொடக்கம் அது. கடிதம் எழுத அவனுக்கு வணங்காது. அங்கே எல்லோரும் செய்தது போல அவனும் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினான். கேசட்டைப் போட்டுக் கேட்க ஒரு டேப் ரிக்கார்டரையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தான். கேசட் வந்த அன்று எங்கள் வீட்டில் கூட்டம் கூடும். அய்யா நாற்காலியில் உட்கார்ந்து, டேப் ரிக்கார்டரைத் தன் மடிக்கு எதிரே முக்காலியில் வைத்துக்கொள்வார். பொத்தானை அவரைத் தவிர வேறு யாரும் அமுக்கக் கூடாது. அண்ணன் ஒவ்வொருவராக முறை வைத்துக் கூப்பிட்டு நலம் கேட்பான். பெரியப்பாவின் முட்டுவலி, சித்தியின் ஆடு, என் தையல் மெஷின் எல்லாம் வரும். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசட்டுக்குப் பதில் சொல்வார். கடைசியில், கதவுக்குப் பின்னால் நிற்கிற தன் பெண்டாட்டிக்கு அவன் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அவளையும் கேட்டதாச் சொல்லுங்க."

ஊரே உட்கார்ந்து கேட்கிற பேச்சில் புருசன் வேறு என்ன சொல்லிவிட முடியும்? பதில் பதியும்போதும் அதே கதைதான். எல்லோரும் பேசி முடித்து, நாடா தீரப்போகிற நேரத்தில் அய்யா கதவுப் பக்கம் திரும்பி, "நீயும் ஒரு வார்த்த சொல்லுத்தா" என்பார். மதினி அங்கிருந்தே, "நல்லா இருக்கேன்" என்பார். சரி என்று பொத்தானை அமுக்கிவிடுவார் அய்யா. அந்த வயதிலேயே எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பின்னாளில் ராமநாதபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தபோது, ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் காதைக் கொடுத்ததில்லை. நல்ல குணம் என்று யாரும் மெச்ச வேண்டாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்தது போதும் என்றிருந்தது.

அந்த டேப் ரிக்கார்டருக்கு ஆயுசு முழுக்கக் கண்டம்தான். எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்திருந்தது, பேருக்கு. ஒரு நேரம் பல்பு கொசுவத்தி அளவுக்கு எரியும். பம்புசெட்டுகளை நிறுத்திவிட்டால் கண் கூசும். டேப்பைச் சொருகிய மறுவாரமே அப்படி ஒரு ஏற்றத்தில் உள்ளேயிருந்து புகை வந்தது. டிரான்ஸ்பார்மர் போனதோடு மோட்டார் ஓடுகிற வேகத்தைப் பிடித்து வைக்கிற பாகமும் போய்விட்டது. டார்ச் செல் போட்டுக் கேட்கலாம் என்றால், போட்ட செல்லை அப்படியே விட்டதில் அது கசிந்து, உப்புக்காற்றும் சேர்ந்து, உள்ளே இருந்த கம்பிச் சுருள்களைத் தின்றுவிட்டது. கடைசியில் டிராக்டர் ஓட்டுகிறவர் ஒரு வழி கண்டுபிடித்தார். டிராக்டர் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். டேப்புக்கு ஆறு போதும். அந்தக் காலத்துப் பேட்டரியின் தலையில் தார் மாதிரிக் கீல் பூசி, அதன்மேல் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். நடுப்பட்டையில் ஒரு ஆணியை அடித்து, அங்கிருந்து வயர் எடுத்தால் பாதி வோல்ட் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் டிராக்டர் வைத்திருந்த வீடுகளில் எல்லாம் இந்த ஆணி வைத்தியம்தான். பாட்டுக் கேட்க, பல்பு எரிக்க, எல்லாவற்றுக்கும் ஆணி.

மதினி அதைப் பார்த்த அன்றே சொன்னார்: "மாமா, ஒரு பக்கத்து மூணு அறையில இருந்து மட்டும் எடுத்துக்கிட்டே இருந்தா அது எளைச்சுப் போகும். பேட்டரி மொத்தமும் வீணாப்போயிரும்." அய்யா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆணி அடித்த நாளிலிருந்து அண்ணன் குரலும் அவன் குரலாக இல்லை. பேட்டரி இளைக்க இளைக்க நாடா மெதுவாக ஓடி, அவன் காய்ச்சல்காரன் மாதிரி இழுத்து இழுத்துப் பேசினான். அம்மா அதைக் கேட்டுவிட்டு, பிள்ளைக்கு அங்கே உடம்பு சரியில்லை என்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்.

அப்படியொரு நாளில்தான் அந்தக் கேசட் வந்தது. வழக்கம்போலக் கூட்டம், வழக்கம்போல நலம் விசாரிப்பு. முடியப்போகிறது என்று நினைத்தபோது அண்ணன் குரல், ஆழத்திலிருந்து வருவதுபோல, இழுத்தது: "கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாக. அதப் பத்தி நான் அவகிட்டத்தான் ஒண்ணு கேக்கணும்..." டக்கென்று பொத்தான் அமுங்கியது. அய்யாவின் கட்டைவிரல். "பேட்டரி எறங்கிருச்சு. டிராக்டருக்கு வேணும். போதும் போங்க" என்று எழுந்துவிட்டார். எங்கள் வீட்டு மாடி அப்போது பாதியில் நின்றது. கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. பிள்ளை இன்னும் இரண்டு வருசம் இருந்தால் மாடி ஏறிவிடும் என்பது அய்யாவின் கணக்கு. அதில் மதினியின் வார்த்தைக்கு இடம் இல்லை. கதவுக்குப் பின்னால் மதினி நின்ற இடத்தை நான் பார்த்தேன். அவர் நிலைச்சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

மறுநாளிலிருந்து மதினி தினமும் கேட்டார், மீதியைப் போடுங்கள் என்று. அய்யா தினமும் பேட்டரியைச் சொன்னார். அதற்குள் மழை பிடித்தது. முதல் ஈரத்தில் உழுதுவிட வேண்டுமென்று ஊரே பரபரத்த காலையில் எங்கள் டிராக்டர் முனகிவிட்டு நின்றது. தள்ளிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. ஊரில் எல்லாருடைய வயலும் உழுதாகி, எங்களுடையது மட்டும் கிடந்தது. கீழக்கரையிலிருந்து வந்த மெக்கானிக், ஆணியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இதுதான் பேட்டரியக் கொன்னது" என்றார். மதினி சொன்ன அதே காரணத்தை அவரும் சொன்னார். ஆனால் பழி எங்கே விழுந்தது? கேசட் கேசட் என்று பறந்த மருமகள் தலையில். புதுப் பேட்டரி வந்தது. அது புது மாதிரி. மேலே பிளாஸ்டிக் மூடி. ஈயப் பட்டைகள் உள்ளே மறைந்துவிட்டன. வெளியே தெரிவது இரண்டே முனைகள், முழுசாகப் பன்னிரண்டு வோல்ட். ஆணி அடிக்க இடம் இல்லை. "இனி இந்த வீட்டுல பாட்டுப் பெட்டி ஓடாது. பேட்டரியில எவ கைய வச்சாலும் கைய முறிச்சிருவேன்" என்றார் அய்யா. கேசட்டை அவர் பூட்டி வைக்கவில்லை. கூடத்து அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பூட்டு எதற்கு? ஓட வைக்க வழியில்லாத கேசட்டை யார் என்ன செய்துவிட முடியும்?

மதினி தாய்வீட்டு விசேசம் ஒன்றுக்குப் பரமக்குடி போய்விட்டு வந்தார். வரும்போது மஞ்சள்தூள் பொட்டலம் போல ஒரு சிறு பொட்டலம் மடியில் இருந்தது. பரணில் ஏறிச் செம்புத்தலைக் கம்பியை எடுத்தார். கைப்பிடி நசுங்கிய இட்லிச் சட்டி மூடியைத் தகரக் கத்திரியால் வெட்டினார். பட்டப்பகலில், அடுப்படியில், சோறு கொதிக்கிற அடுப்பிலேயே செம்பைச் சிவக்கக் காய்ச்சி ஈயம் வைத்தார். ஈயத்தோடு உருகிய குங்கிலியம் போன்ற பிசினின் வாசனை வீடெல்லாம் பரவ, அம்மா ஓடி வந்து, "ஏத்தா, என்னத்தா வச்சு எரிக்கிற? யாருக்கும் செய்வினையா?" என்று கேட்டார். "ஒங்க மகனப் பேச வைக்கப் போறேன் அத்தை" என்றார் மதினி, தலையைத் தூக்காமல். அம்மாவுக்கு அதைக் கேட்டு இன்னும் பயம் அதிகமானது.

பொட்டலத்தில் வந்த பொருள்களைக் காட்டி எனக்கு விளக்கினார். கண்மாய்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரிதான். "கண்மாயில எவ்வளவு தண்ணி வந்தாலும் கலுங்கு மட்டத்துக்கு மேல நிக்குதா? வழிஞ்சிருதுல்ல? இந்தச் சின்ன டயோடு கலுங்கு மாதிரி. ஏழு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கொறவா ஒரு மட்டம், அதுக்கு மேல நிக்க விடாது. இந்தா இருக்கே டிரான்சிஸ்டரு, இது மடை. கலுங்கு மட்டத்தப் பாத்துக்கிட்டே தெறந்து மூடும். தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு ஆற மட்டும் வெளிய விடும். பேட்டரி பன்னெண்டுல இருந்தாலும் சரி, எஞ்சின் ஓடுறப்ப பதினாலுக்கு ஏறினாலும் சரி, கீழ வயலுக்கு வர்ற தண்ணி ஒரே அளவு. பேட்டரிய முழுசா, எல்லா அறையில இருந்தும் சமமா எடுக்கிறதால அதுக்கும் நோவு இல்ல." மிச்சமாகிற வோல்ட் என்ன ஆகும் என்று கேட்டேன். சூடாகப் போகும், அதைத் தாங்கத்தான் தகடு என்றார். நான் ஒரு யோசனை சொன்னேன்: அய்யா ராமநாதபுரம் போகிற நாளாகப் பார்த்து மாட்டிக் கேட்டுவிடலாமே. மதினி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் முகத்தில் இருக்கிறது. "களவாண்டா கேக்கச் சொல்ற? எம் புருசன் எனக்குப் பேசுனத? அவுக இருக்கறப்பத்தான் கேப்பேன்."

சொன்னபடியே, அய்யா காப்பி குடித்துக்கொண்டு கொட்டகைக்கு எதிரே உட்கார்ந்திருந்த காலையில், அந்தத் தகட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நேராக டிராக்டருக்குப் போனார். அப்போது சோப்புப் பெட்டி கிடையாது, வெறும் தகடுதான். பேட்டரி முனைகளில் வயரை மாட்டினார். தகட்டை டிராக்டரின் மட்கார்டு மேல் வைத்தார். வைத்ததும் 'சடார்' என்று நீலமாக ஒரு பொறி. வயர் உரை உருகி நாறியது. கோழிகள் சிதறி ஓடின. டிரான்சிஸ்டரின் உடம்புதான் பேட்டரியின் பிளஸ் வருகிற இடம். அது திருகியிருந்த தகடும் பிளஸ்தான். டிராக்டரின் இரும்பு முழுக்க மைனஸ். வீட்டு மேசையில் மரத்தின் மேல் வைத்தே பழகிய கைக்கு, இரும்பின் மேல் வைக்கிறோம் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. அய்யா காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "பாத்தியா? டிராக்டரக் கொளுத்தப் பாக்குறா. ரேடியோக்காரன் மகளுக்கு ஏரு எதுக்கு, எஞ்சின் எதுக்கு? போத்தா உள்ள!" அக்கம்பக்கத்தில் நாலு பேர் வேலிக்கு மேல் தலையை நீட்டினார்கள். வேறு யாராக இருந்தாலும் அழுதுகொண்டு உள்ளே போயிருப்பார்கள். மதினி வயரைக் கழற்றினார், தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பு என்னோடதுதான் மாமா. செஞ்சதுல இல்ல, வச்ச எடத்துல. நாளைக்கு வாரேன்" என்றார்.

அன்று சாயங்காலம் குளியலறையிலிருந்து தன் சோப்புப் பெட்டியைக் கழுவி எடுத்து வந்தார். அண்ணன் முதல் கேசட்டோடு அனுப்பிய வாசனைச் சோப்பின் பெட்டி. தகடு அளவெடுத்தது போல உள்ளே உட்கார்ந்தது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருந்தன. சூடு வெளியேறவும் அவை போதும் என்றார். மூடியிலும் கம்பியைக் காய்ச்சி நாலைந்து துளை போட்டார். இனி எந்த இரும்பின் மேல் வைத்தாலும் தொடாது. உள்ளே எதுவும் வேகவில்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டுத்தான் மூடினார். பெட்டியில்லாத சோப்பு ஈரத்தில் கரைந்துபோக, நாங்கள் அந்த மாதம் முழுக்கப் பயத்தமாவு தேய்த்துக் குளித்தோம்.

மறுநாள் கூட்டம் கூப்பிடாமலே சேர்ந்துவிட்டது. டிராக்டர் எரிவதைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். அய்யா பேட்டரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என் டிராக்டர். என் பேட்டரி. தொடக்கூடாது" என்றார். மதினி ஒரு கையில் டேப்பும் ஒரு கையில் சோப்புப் பெட்டியுமாக அவருக்கு எதிரே நின்றார். கதவு இல்லை, நடுவில் எதுவும் இல்லை. "பேட்டரி ஒங்களோடதுதான் மாமா. அந்தக் கேசட்டுல இருக்குற கேள்வி என்னோடது." அய்யா நகரவில்லை. அப்போதுதான் அம்மா வந்தார். எங்கள் அம்மா அய்யாவின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. வந்தவர் யாரையும் பார்க்காமல், டிராக்டரின் பெரிய சக்கரத்தில் சாய்ந்து மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எம் மகன் என்ன கேட்டான்னு எனக்குந்தான் தெரியணும். தள்ளிக்கங்க" என்றார். அம்மா உட்கார்ந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். அய்யா தள்ளி நிற்கவில்லை, ஆனால் தலையைத் திருப்பிக்கொண்டார். அது போதுமாக இருந்தது.

மதினி முதலில் டேப்பை மாட்டவில்லை. சைக்கிள் லைட்டின் ஆறு வோல்ட் பல்பு ஒன்றை மாட்டி எரியவிட்டு, டிராக்டர் ஓட்டுகிறவரிடம், "எஞ்சினப் போட்டு நல்லா முறுக்குங்கண்ணே" என்றார். எஞ்சின் உறுமியது, கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, பல்பு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. எஞ்சினை நிறுத்திய பின்னும் அதே வெளிச்சம். கூட்டத்தில் யாரோ, "அட" என்றார்கள். அதன் பிறகு பல்பைக் கழற்றி டேப்பை மாட்டிப் பொத்தானை அமுக்கினார். முதல்முறையாக மதினியின் விரல் அந்தப் பொத்தானில்.

அண்ணன் பேசினான். இழுவை இல்லை, காய்ச்சல் இல்லை, அவனுடைய சொந்தக் குரல். வார்த்தை முடிவில் லேசாக மூக்கை உறிஞ்சுகிற பழக்கம்கூடக் கேட்டது. அம்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "எம் மகன்டா, எம் மகன் நல்லாத்தான் இருக்கான்" என்று சத்தமாக அழுதார். நிறுத்தப்பட்ட இடம் வந்தது, கடந்தது. "அதப் பத்தி நான் அவகிட்டத்தான் ஒண்ணு கேக்கணும். ஏய், நீ சொல்லு. நான் கையெழுத்துப் போடவா, வந்துறவா? அய்யா சொன்னா நான் கேப்பேன்னு ஒனக்கே தெரியும். அதனால நீ முன்னாடி சொல்லிரு. நோன்புப் பெருநாளைக்குள்ள பதில் வரணும். ஒண்ணும் வரலன்னா, நீயும் சரின்னு சொல்றேன்னு எடுத்துக்கிறேன்."

பெருநாள் போய்விட்டது. கீழக்கரைக் கூட்டாளி வீட்டிலிருந்து வந்த பெருநாள் பிரியாணியை எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அய்யா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். கேசட் அப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கெடு ஒன்று அதற்குள் இருக்கிறது என்பது அய்யாவுக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் செய்தார் என்றாலும் என் கோபம் குறையப்போவதில்லை. ஒரு பெண்ணின் வாயை மூடிவிட்டு, அந்த மௌனத்தையே அவள் சம்மதமாகக் கணக்கெழுதியாகிவிட்டது. அண்ணன் இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பான்.

மதினி அழுதார். மறைக்காமல், எல்லோர் முன்னாலும், முகத்தைத் துடைக்காமல் அழுதார். அழுதுகொண்டே கேசட்டை வெளியே எடுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டார். பதிகிற பொத்தானையும் சேர்த்து அமுக்கினார். "நான்தான் பேசுறேன். பெருநாள் போனப்புறம்தான் ஒங்க கேள்விய என்னயக் கேக்க விட்டாக. நான் ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு அர்த்தம் இல்ல. என்னயப் பேச விடலன்னு அர்த்தம். இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க. வாங்க." அய்யா திரும்பினார். "அணைத்தா அத!" என்று கத்தினார். "அணைக்க மாட்டேன்" என்றார் மதினி. அய்யா கை நீட்டவில்லை. நாடா ஓடியது. மதினி அதற்கப்புறம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சிவப்பு வெளிச்சம் எரிய, அந்தப் பக்கம் முழுக்கத் தீர்ந்து பொத்தான் தானாக எகிறும்வரை எல்லோரும் அப்படியே இருந்தோம்.

அண்ணன் உண்மையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தான். பதில் போய்ச் சேர்ந்தபோது மாற்ற முடியவில்லை; அந்த இரண்டு வருசமும் முடிந்துதான் வந்தான். அந்தக் கேசட்டைக் கொடுத்தனுப்ப மதினியும் நானும் கீழக்கரைக்குப் போயிருந்தோம். கூட்டாளியின் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, மதினி கையோடு கொண்டுபோயிருந்த சோப்புப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் இதே கூத்துதான் அக்கா. மாமியா, நாத்தனாரு, அக்கம்பக்கம்னு கூடி உக்காந்துதான் கேக்கணும். எனக்கும் இப்படி ஒண்ணு செஞ்சு தாங்க, என் அறைக்குள்ள வச்சு நான் மட்டும் கேக்கணும்" என்றார். அவருக்குக் கரண்டில் ஓடுகிற மாதிரி டிரான்ஸ்பார்மர் சேர்த்து மதினி செய்து கொடுத்தார். அப்புறம் அவருடைய தங்கைக்கு, தங்கையின் சிநேகிதிக்கு, ஏர்வாடியிலிருந்து கேள்விப்பட்டு வந்தவர்களுக்கு. சபுராளிகளின், அதாவது கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர்களின், மனைவிமார் சோப்புப் பெட்டியைத் தாங்களே கொண்டுவந்து கொடுப்பார்கள். கீழக்கரையில் ஒரு சந்துக்குள் சின்ன அறை எடுத்து, பெண்கள் வந்துபோகத் தோதாகத் திரை தொங்கவிட்டு, மதினி கடை வைத்தார். "நம்ம வீட்டு மருமக பஸ் ஏறிப் போயி ஈயம் பத்த வைக்கிறதா?" என்று அய்யா குதித்தார். பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டார். மதினி தினமும் காலையில், "போய்ட்டு வாரேன் மாமா" என்று அவர் எதிரே நின்று சொல்வார். அவர் பதில் சொல்ல மாட்டார். "ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு எடுத்துக்கிறேன் மாமா. இந்த வீட்டுப் பழக்கந்தான்" என்று சொல்லிவிட்டு மதினி பஸ்ஸுக்கு நடப்பார்.

அய்யா மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் கேட்கவில்லை. ஒருநாள் டிராக்டரில் அவருடைய ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன், சீட்டுக்கு அடியில் பச்சை நிறத்தில் ஒரு சோப்புப் பெட்டி. யாரைக் கொண்டு வாங்கினார் என்று தெரியாது. மாடி கடைசிவரை ஏறவில்லை. அண்ணன் வந்து, மதினியோடு கீழக்கரைக்கே குடிபோய்விட்டான். வந்தவன் தன் பயணப் பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது அந்தக் கேசட். அந்த இரண்டு வருசமும் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்ததாகச் சொன்னான். வீட்டில் வைத்தால் மதினி அதன்மேல் பாட்டுப் பதிந்துவிடுவார் என்று பயந்து, பிறகு டேப்போடும் சோப்புப் பெட்டியோடும் சேர்த்து என்னிடம் கொடுத்துவிட்டான்.

மதினி இப்போதும் கீழக்கரையில்தான் இருக்கிறார். சர்க்கரை வந்துவிட்டது, வாய் குறையவில்லை. மருமகன் குப்பையில் போடப் பார்த்த கதையைப் போனில் சொன்னதும் சிரித்தார். "தூக்கித்தான் போடேன் புள்ள. அதே வேலைய இப்ப மூணு கால் வச்ச ஒரு சில்லு செய்யுது. அந்தப் பழைய டப்பாவ எதுக்குக் கட்டிக்கிட்டு அழுவுற?" நான் போட மாட்டேன் என்றேன். நீ ஒரு கிறுக்கி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நேற்று மத்தியானம் வழக்கம்போலக் கரண்ட் போனது. மருமகன் வீட்டில் இருந்தார். அவருடைய கார் பேட்டரியைக் கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காரின் மூடியைத் திறந்து விட்டார். சோப்புப் பெட்டியை மாட்டி, பழைய டேப்பில் அந்தக் கேசட்டின் மறுபக்கத்தைப் போட்டேன். ஆறு வோல்ட் அப்படியே நின்றது. மதினியின் இளவயதுக் குரல் பேசியது. 'வாங்க' என்றது. அய்யா, போய்ச் சேர்ந்து எத்தனையோ வருசமானவர், 'அணைத்தா அத' என்று கத்தினார். 'அணைக்க மாட்டேன்' என்று பதில் வந்தது. அப்புறம் பேச்சு இல்லை. கோழிகள் கொக்கரித்தன, அம்மாவின் மூக்குறிஞ்சல், கொட்டகைத் தகரத்தில் காற்று. மருமகன் கொஞ்சநேரம் நின்று கேட்டார். "இதுக்கப்புறம் ஒண்ணும் இல்லையே அத்தை, நிறுத்திரவா?" என்று பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பொத்தான் தானாக எகிறும்வரை விடவில்லை.